தார் பூசிய பாலம்

போன வாரம் மைசூர் ஹெப்பாளில், கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில், ஓர் அண்ணனையும் தங்கையையும் விட்டுவிட்டு வந்தோம். அழுதுகொண்டிருந்தவன் அண்ணன் வினய். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றவள் தங்கை அனகா.

அவன் அழுததற்குக் காரணம் ஒரு போன். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில், கௌதள்ளிக்கு உள்ளே, ஓடைப் பாலம் இடிந்து மாதப்பன் செத்துப்போனார் அல்லவா? அன்று காலை பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அவர் வினய்க்குத்தான் போன் செய்திருக்கிறார். "தம்பி, ஓடையில தண்ணி நெறையப் போவுது. பாலத்து மேல வண்டிய உடலாமா?" என்று கேட்டிருக்கிறார். வினய் மைசூரில் ஒரு காபிக் கடையில் நின்றுகொண்டு, "தாராளமா போங்கோ மாமா, இப்பத்தானே தார் போட்டிருக்கோம்" என்று சொல்லியிருக்கிறான்.

மாதப்பன், அனகா கட்டிக்கொள்ள இருந்த மதனின் அப்பா. அன்றைக்கு அவர் புறப்பட்டதே மைசூருக்கு வந்து பெண் வீட்டில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளத்தான். வண்டியில் இருந்த பெண்களை இறக்கிவிட்டு, "நான் முன்னால போயி அந்தக் கரையில நிக்கறேன், நீங்க நடந்து வாங்க" என்று போனார். பாதிப் பாலத்தில் அவரும் அந்தக் குட்டியானை வண்டியும் தண்ணீருக்குள் போனதை அவர் மனைவி சித்தம்மா கரையில் நின்று பார்த்தாள்.

அந்தப் போன் விஷயம் இப்போது வினய்க்கும் அனகாவுக்கும் மட்டும்தான் தெரியும். நமக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் குவெம்புநகரில் இவர்கள் வீட்டில் காலையிலேயே எல்லோரும் குளித்துவிட்டுத் தயாராக இருந்தார்கள். காரியத்துக்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று அப்பா நாராயணஸ்வாமி சொல்லிவிட்டார். ரயில்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமோ சாவோ, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருப்பது அவருக்கு ஆகாது.

அம்மா திரிபுரசுந்தரிக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் காரில் உட்கார முடியாது. அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"துக்க வீட்டுக்குப் போறச்சே கையில ஒண்ணும் எடுத்துண்டு போப்படாது. அதான் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலே."

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சுந்தரி. இங்கேயே இரு."

"பால் பாயசம் வெச்சுண்டு காத்திண்டிருந்தேனே அன்னிக்கு. நான்தான் முதல்லே இந்தச் சம்பந்தம் வேண்டாம் வேண்டாம்னேன். அந்த மனுஷர் போன்ல, 'அம்மா, எங்க வீட்ல உங்க பொண்ணுக்குத் தனியா அடுப்பு போட்டுத் தரேன்'னு சொன்னப்புறம்தான் மனசு மாறினேன். முகத்தைக்கூடப் பாக்கலே நான்."

அவள் அழுதது நிஜமான அழுகை. இந்தத் தொடரை முதலில் இருந்து படிப்பவர்கள் இவளைத் திட்டி எழுதாத வாரமில்லை. இந்த ஒரு வாரம் அவளை விட்டுவிடலாம்.

வினய் மொட்டைமாடிப் படியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். எதிர்முனையில், பாலங்களைப் பராமரிக்கிற அவன் கம்பெனியின் மேனேஜர். கன்னடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். பாலம் இடிந்தது பற்றி நாளைக்கு விசாரணை. மேல்பரப்பு மட்டும்தான் எங்கள் வேலை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் கம்பெனி வக்கீல் துணைக்கு வரமாட்டார். முக்கியமாக, அந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.

பேசி முடித்துத் திரும்பியவன் படியில் நின்ற அனகாவைப் பார்த்தான்.

"நானே கார் ஓட்டறேன் அனு. பாலம் வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"தெரியலே."

"அப்பாகிட்டச் சொல்லப் போறியா?"

அவன் கீழே இறங்கிக் கார் சாவியை எடுத்தான். சொல்ல வேண்டாம் என்று அனகா உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அவளுக்கே அது அசிங்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தக் குடும்பம் மாட்டிக்கொண்டு நிற்பதே அங்கேதான்.

முன்பெல்லாம் பாலம் பார்ப்பதற்கென்றே பொதுப்பணி இலாகாவில் ஆட்கள் இருந்தார்கள். மழைக்கு முன்னால் பாலத்துக்கு அடியில் இறங்குவார்கள். முள்ளை வெட்டி, மேலே விழுகிற மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டைகளைக் குத்திவிட்டு, தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி வருவார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அந்த இடத்துக்குப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. எதற்குச் சம்பளம், எதற்குப் பென்ஷன் என்று சுற்றுவட்டாரப் பாலங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு தனியார் கம்பெனியிடம் பராமரிக்கக் கொடுத்தார்கள்.

கம்பெனி என்ன இளிச்சவாயா? தார் போடுவதை ஒருவரிடம் தள்ளியது. பெயின்ட் அடிப்பதை இன்னொருவரிடம் தள்ளியது. அடிப்பாகத்தைச் சோதிக்க பெங்களூரில் இருந்து நிபுணர்கள் வருவார்கள் என்று சொல்லியது. எப்போது வருவார்கள் என்று இலாகாவும் கேட்கவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. இத்தனை பாலத்துக்கும் கம்பெனி வைத்திருந்த ஒரே இன்ஜினியர் வினய். அவன் கையில் ஒரு போன். பாலத்தின் மேல் நின்று, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது, பில் பாஸ்.

சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிற கூட்டம் அந்த ஓடைப் பாலத்தைக் கடந்துதான் போகும். கூட்டம் வருவதற்கு முன்னால் பழைய தாருக்கு மேலேயே புதுத் தாரைக் கொட்டிப் பளபளவென்று ஆக்கினார்கள். கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட். ஊரே திரண்டு வந்து தேங்காய் உடைத்தது. மாதப்பன் வினய்க்கு மாலை போட்டார். தமிழ் பேசுகிற இன்ஜினியர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். இவன் கோழி தின்ன மாட்டான் என்று தெரிந்ததும் சித்தம்மா அவசர அவசரமாகக் கீரை கடைந்து களியோடு போட்டாள்.

மதன் மைசூரில் ஒரு பெண்ணை விரும்புகிறான் என்று அந்த வீட்டில் அப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் இந்த இன்ஜினியரின் தங்கைதான் என்று தெரிந்த அன்றைக்குச் சண்டை நின்றது. "நம்ம பாலத்தைப் பாத்துக் குடுத்த தம்பி வீடா? அப்பக் கண்ணை மூடிட்டுப் பொண்ணு எடுக்கலாம்" என்றார் மாதப்பன்.

கார் கொள்ளேகாலத்தைத் தாண்டியது. ஹனூர் வந்ததும் நாராயணஸ்வாமி மகனின் தோளைத் தொட்டார்.

"நீ சாப்பிடாம தூங்காம இருக்கறதை நான் பாத்துண்டுதான் இருக்கேன்டா. நீ ஒருத்தன் என்ன பண்ணுவே? ஒரே ஆளை வெச்சுண்டு அத்தனை பாலத்தையும் பாக்கச் சொன்னா அது யாரோட தப்பு?"

வினய் ஸ்டியரிங்கைப் பிடித்த கையைத் தளர்த்தவில்லை.

"நாளைக்கு விசாரணையிலே தைரியமா சொல்லு. உன் மேல ஒண்ணும் இல்லே."

"அப்பா, போறும் பா" என்றாள் அனகா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

கௌதள்ளியில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் பாலம். பாதி அப்படியே நின்றது. மீதி ஓடைக்குள் சரிந்து கிடந்தது. நின்ற பாதியில் மஞ்சள் கறுப்புப் பெயின்ட் இன்னும் புதிதாகவே இருந்தது. அனகா அதில் இருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

ஓடையில் இப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஊர்க்காரர்கள் மணல் மூட்டைகளைப் போட்டு நடைவழி பண்ணியிருந்தார்கள்.

"நான் வரலே" என்றான் வினய். "நீங்க போயிட்டு வாங்கோ."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"என்னால முடியலே பா."

நாராயணஸ்வாமி அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மணல் மூட்டைகள் மேல் காலை வைத்து அக்கரைக்குப் போனார்.

மாதப்பனின் வீடு ஊரின் முதல் வீடு. ஓடைக் கரை ஏறினாலே வாசல் தெரியும். வாசலில் சாமியானா போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஆண்கள் எழுந்து நாராயணஸ்வாமிக்கு இடம் விட்டார்கள். அனகா எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். அவள் இந்த வீட்டுக்கு யார்? தாம்பூலம் மாறியிருந்தால் மருமகள். மாறவில்லை. உள்ளே போய் அழ வேண்டியவளா, வெளியே உட்கார்ந்துவிட்டு எழுந்து போக வேண்டியவளா?

மதனின் தங்கை தமிழ்ப்ரியா வந்து எதுவும் பேசாமல் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த சித்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கையாலும் அனகாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"உன்னையப் பாக்கத்தான் கண்ணு வந்தாரு! உங்கூட்டுக்கு வாரேன்னு வேட்டியெல்லாம் பெட்டி போட்டு வெச்சாரே! என்ற கண்ணு முன்னாலயே போயிட்டாரே கண்ணு!"

கூட இருந்த பெண்கள் அழுதார்கள். அனகாவும் அழுதாள். வாய்விட்டு, மூச்சு முட்ட அழுதாள். மருமகள் இவ்வளவு அழுகிறாளே என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் எதற்கெல்லாம் அழுதாள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

வெளியே பக்கத்து வீட்டுக் கெம்பையன் நாராயணஸ்வாமியிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அவர் குரல் கட்டிப்போயிருந்தது. திறந்த கதவு வழியே அது உள்ளேயும் கேட்டது.

"முன்னெல்லாம் ஓடையில தண்ணி ஏறுச்சுன்னா நாங்க அந்தப் பாலத்துல காலே வெக்க மாட்டமுங்க. பழைய பாலம், நம்ப முடியாது. மேல்வழியாச் சுத்தித்தான் போவம். இல்லாட்டி வத்தற மட்டும் உக்காந்திருப்பம். புதுசாத் தார் போட்டாங்களா, அப்புறம் அந்தப் பயமே போயிருச்சு. அன்னைக்கும் நான் சொன்னனுங்க, மேல்வழியாப் போலாமுன்னு. 'இரு, கேட்டுப் போடறேன்'னு போனை எடுத்தாரு. யார்கிட்டயோ பேசுனாரு. 'போலாமாம், சொல்லிட்டாங்க'ன்னு சிரிச்சுட்டு வண்டிய எடுத்தாரு."

"யார்கிட்ட பேசினார்?" என்று கேட்டார் நாராயணஸ்வாமி.

"இலாகா ஆபீஸ்ல எவனோ இருப்பானுங்க. போனு தண்ணியோட போச்சு. யாருக்குத் தெரியும்?"

சித்தம்மாவின் கை அனகாவின் தலையில் இருந்தது.

"எவன் சொன்னானோ, அவன் நல்லாருப்பானா? குந்தின எடத்துல இருந்துட்டு, போ சாவுன்னு சொன்னானே! அவன் ஊட்டுலயும் இப்பிடி ஒருத்தி..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாம் சாமி. அவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பா."

அனகாவுக்கு அம்மா ஞாபகம் வந்தது. பாயசத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த அம்மா. இந்த மடியில் இருந்து எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

"உன்ற அண்ணன் வரலையா அம்மணி?" என்று சித்தம்மா கேட்டாள்.

வாசலில் இருந்த நாராயணஸ்வாமிதான் எழுந்து வந்து பதில் சொன்னார். "பாலத்துகிட்ட நிக்கறான் அம்மா. எப்படி வந்து முகத்தைக் காட்டறதுன்னு தெரியலேங்கறான். அவன் பாத்த பாலமாச்சே."

"அந்தத் தம்பி என்னங்க பண்ணுச்சு? அது வந்து தார் போட்டப்புறம்தான் அது பாலமாட்ட இருந்துச்சு. எங்கூட்டுல களி தின்னுட்டுப் போன தம்பிங்க அது. வெள்ளம் வந்ததுக்கும் ஆபீஸ்காரன் பொய் சொன்னதுக்கும் அது என்ன பண்ணும்? அதும் மேல ஒரு தப்பும் இல்லைன்னு நான் எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். குரல் மாறியது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. நாளானைக்குக் காரியம். எங்க பக்கத்துல, அப்பன் போயிட்டா மகனுக்குப் பொண்ணு ஊட்டுல இருந்து மச்சான் வந்து தலையில உருமால் கட்டோணும். புதுத் துணி கட்டி உட்டாத்தான் அவன் எந்திரிச்சு இந்த ஊட்டுக்குப் பொறுப்பு எடுத்துக்குவான். உங்க பையன் வந்து என்ற மதனுக்குக் கட்டோணுங்க."

வாசலில் இருந்த பங்காளி ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "தாம்பூலமே மாத்தலையே சித்தம்மா. அவிங்க எப்படி மொறையாவாங்க?"

"தாம்பூலம் மாத்தத்தானே போனாரு?" என்றாள் சித்தம்மா. சத்தம் போடவில்லை. "போன மனுசன் வரலைன்னா அவரு குடுத்த பேச்சும் தண்ணியில போயிருமா? இவ என்ற மருமவ. இவ அண்ணந்தான் மச்சான்."

பங்காளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

நாராயணஸ்வாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜாதி பார்த்து, ஜாதகம் பார்த்து, இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்ட அவர் எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்! இந்தப் பெண்மணி, புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஊர் முன்னால் அவர் மகளைத் தன் மருமகள் என்று சொல்லிவிட்டாள். அவர் கை கூப்பினார்.

"வருவான் அம்மா. நானே கூட்டிண்டு வரேன். இது நான் குடுக்கற வாக்கு."

அனகா அப்பாவைத் தடுக்க வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை, வினய் ஒரே ஒரு வார்த்தை, வருகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். மதன் அவளுக்கு, இந்த வீடு அவளுக்கு. போன் ஓடையோடு போய்விட்டது. யாருக்குத் தெரியப் போகிறது?

"மொறையாப் போயிக் கூப்புடோணும்" என்றாள் சித்தம்மா. "மதனு, நீயே போ. காரியம் முடியற மட்டும் நீ ஓடையத் தாண்டப் படாது. கரையில நின்னே கூப்புட்டுக் கூட்டிட்டு வா."

மூலையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த மதன் எழுந்தான். ஹெப்பாளில் அனகாவும் அவனும் வேலை பார்க்கிற கம்பெனியின் கேன்டீனில் சத்தமாகச் சிரிக்கிறவன். இந்தச் சில நாட்களில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கரைக்குப் போகிற வழியில் நாராயணஸ்வாமி முன்னால் நடந்தார். மதன் அனகாவின் பக்கத்தில் வந்தான். கம்பெனியில் கன்னடத்தில் பேசியே பழகிய இருவர்.

"ஏனாய்து, என்னாச்சு அனகா? வந்ததுல இருந்து என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கறே."

"ஒண்ணும் இல்லே."

"பயப்படாதே. அம்மா சொல்லிட்டாங்க. இனி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவன் அவளைத் தேற்றினான். அப்பாவைச் சாகக் கொடுத்தவன், அவளைத் தேற்றினான். அனகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கரையில் வினயைக் காணவில்லை. கார் அந்தப் பக்கம் அப்படியே நின்றது. நாராயணஸ்வாமி பதறிப்போய், "வினய்! டேய் வினய்!" என்று கூப்பிட்டார்.

பாலத்துக்கு அடியில் இருந்து பதில் வந்தது. நின்றுகொண்டிருந்த பாதிப் பாலத்துக்குக் கீழே, முள்ளுக்கு நடுவில், அவன் குனிந்து நின்றிருந்தான். முழங்கால் வரை சேறு. சட்டைக் கையில் முள் கிழித்திருந்தது. எதையோ கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், அதைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து தண்ணீரில் நின்றான். துரு பட்டு உள்ளங்கை சிவந்திருந்தது.

மதன் கரையின் ஓரத்தில் நின்று கை கூப்பினான்.

"மச்சான்."

இதுவரை அவன் வினயை 'சார்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"நாளானைக்கு அப்பாவுக்குக் காரியம். எனக்கு நீங்கதான் உருமால் கட்டோணும். அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

வினய்க்குப் புரியவில்லை. நாராயணஸ்வாமி விளக்கினார். மச்சான் முறை, புதுத் துணி, ஊர் முன்னால் சித்தம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். "நான் வாக்குக் குடுத்துட்டேன்டா" என்று முடித்தார்.

வினய் தங்கையைப் பார்த்தான். அவள் தலையை அசைக்கவில்லை. சொல்லு என்றும் காட்டவில்லை, சொல்லாதே என்றும் காட்டவில்லை. அவள் கண்ணில் இருந்த கெஞ்சலை மட்டும் அவன் பார்த்திருப்பான்.

"மதன்" என்றான் வினய். "அன்னிக்கு உங்கப்பா போன் பண்ணினது எனக்குத்தான்."

"என்னடா சொல்றே?" என்றார் நாராயணஸ்வாமி.

"பாலத்து மேல போலாமான்னு கேட்டார். தாராளமா போங்கோன்னு சொன்னேன்."

மதனின் கூப்பிய கை இன்னும் இறங்கவில்லை. அவன் கேட்டது ஒரு குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது. "பாலத்தைப் பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

"மேல பாத்தேன். போட்டோ எடுத்தேன். கீழே நான் ஒரு நாளும் இறங்கினதில்லே. இப்பத்தான் இறங்கினேன்."

"கீழ என்ன இருக்கு?"

"கம்பியெல்லாம் இத்துப் போயிருக்கு. கையால ஒடிஞ்சுது. தண்ணி வடியற ஓட்டை எல்லாத்தையும் நாங்க போட்ட தாரே அடைச்சிருக்கு. வடிய வழியில்லாம தண்ணியெல்லாம் உள்ளே இறங்கி, ஏற்கெனவே துருப்பிடிச்ச கம்பியை மிச்சமும் தின்னுருக்கு. மேலே நல்லா இருந்ததுனாலே எல்லாரும் நம்பிட்டா. நானும் நம்பிட்டேன். மாமா கேட்டப்போ ஒரு நிமிஷம் யோசிக்கலே. காபி ஆறிடும்னு போனை வெச்சேன் மதன்."

மதன் கரையிலேயே உட்கார்ந்தான். தலையை முழங்காலில் வைத்துக்கொண்டான். நாராயணஸ்வாமி பக்கத்தில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். அனகா மதனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று தலை நிமிராமலே அவன் கேட்டான்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"போன வாரத்துல இருந்து."

அனகா எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். தன் கல்யாணம் அந்த இடத்தில் முடிந்துபோனது என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை கூட வரவில்லை.

மதன் கையை ஊன்றி எழுந்தான். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

"உங்க மேல தப்பில்லைன்னு எங்கம்மா வந்தவங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டிருக்காங்க. ஊர் வாயை அடைச்சுட்டு உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டப் போயி நான் இதைச் சொல்ல மாட்டேன். என்னால ஆகாது. நீங்களே வந்து சொல்லுங்க."

"சொன்னப்புறம்?" என்றான் வினய்.

"அது அம்மா பாடு. கட்டச் சொன்னாக் கட்டுங்க. வெளிய போகச் சொன்னாப் போயிருங்க."

இந்தத் தடவை மச்சான் என்று கூப்பிடவில்லை. திரும்பி நடந்தான்.

நாளைய விசாரணை, மேனேஜர், வக்கீல் எதுவும் வினயின் நினைப்பில் இல்லை. அவன் ஷூக் காலோடு தண்ணீரைத் தாண்டிக் கரை ஏறினான். நாராயணஸ்வாமி தடுமாறிக்கொண்டு பின்னால் போனார். எல்லோருக்கும் பின்னால் அனகா.

கரை ஏறியதுமே வாசல் தெரிந்தது. சித்தம்மா பாயை விட்டு எழுந்து வந்து, தமிழ்ப்ரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். வினயைப் பார்த்துவிட்டாள். துக்க வீட்டில் யாரும் யாரையும் வா என்று கூப்பிடுவதில்லை. அவள் கூப்பிட்டாள்.

"வா சாமி. வந்துட்டியா? வா, வா" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கைகளையும் நீட்டியபடி, அவனுக்கு எதிரே நடந்து வந்தாள்.